ஏழாவது நிபந்தனை

நெவில் ஹாக்கெட்டின் கேமரா கிரேவிச் சட்டிக்குள் விழுந்தபோது காலை ஒன்பது மணி பத்து நிமிடம்.

குற்றம் மாக்பை பறவையுடையது. அக்டோபர் வந்தால் அதற்குக் குஞ்சு பொரித்திருக்கும். திடலின் பெரிய யூகலிப்டஸ் மரத்தடியில் போகிற எந்த வழுக்கைத் தலையையும் அது ஜென்ம விரோதியாகவே பார்க்கும். விரபில்லா ஊரில் நடக்கப் பழகிய குழந்தைகூட அந்த மரத்தைச் சுற்றிக்கொண்டுதான் போகும். நெவ் சுற்றிப் போகவில்லை. கழுத்தில் ‘அதிகாரபூர்வப் புகைப்படக் கலைஞர்’ என்ற அட்டை தொங்கினால் பறவைகூட மரியாதை கொடுக்கும் என்று நினைத்துவிட்டார். அது கொடுக்கவில்லை. அவர் குனிந்தார், தோளிலிருந்து வார் நழுவியது, பக்கத்தில் ஆட்டிறைச்சி ரொட்டிக் கடையில் கொதித்துக்கொண்டிருந்த சட்டிக்குள் கேமரா இறங்கிவிட்டது. கேமராப் பையிலும் நாலு கரண்டி கிரேவி தெறித்தது.

கடைக்காரம்மா சட்டியை எட்டிப் பார்த்தாள்.

“இப்பவே எடுக்கட்டா நெவ், இல்ல இன்னும் கொஞ்சம் வேகட்டுமா?”

நெவ் கரண்டியை வாங்கிச் சட்டிக்குள் துழாவினார்.

முப்பத்து நான்கு வருடம் ஊர்க் கோதுமைக் கிடங்கில் தர ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர் நெவ். கோதுமையை முகர்ந்து பார்த்து, “ஈரம்” என்று சொல்லி லாரியைத் திருப்பி அனுப்புவது வேலை. அப்படி ஒரு வேலை பார்த்தவரை ஊரில் யாரும் தேடி வந்து பேசமாட்டார்கள். வருடத்தில் முந்நூற்று அறுபத்திரண்டு நாள் அவர் யாருக்கும் யாரும் இல்லை. அக்டோபர் நீண்ட விடுமுறையில் நடக்கும் ப்ளூஸ் இசை விழாவின் மூன்று நாள் மட்டும் அவர் ஆள். அந்த மூன்று நாளுக்காகத்தான் மற்ற நாட்களைப் பொறுத்துக்கொண்டார்.

பத்தொன்பது வருடமாக விரபில்லா விழாவுக்கு வந்த ஒவ்வொரு பாடகரையும் அவர் படம் எடுத்திருக்கிறார். எடுத்த படங்கள் விழா மண்டபத்தில் கழிப்பறைக்குப் போகும் நடையில் மாட்டப்பட்டிருந்தன. எல்லோரும் கட்டாயம் பார்க்கிற இடம் என்று நெவுக்கு அதில் பெருமை. இரண்டாம் வருடப் படத்தில் ஒரு சாக்ஸபோன்காரர் மைக்கை விழுங்கிக்கொண்டிருந்தார். ஐந்தாம் வருடம் ஒரு கிதார்காரரின் தலையிலிருந்து விளக்குக் கம்பம் முளைத்திருந்தது. எட்டாம் வருடத்திலிருந்து யாருக்கும் தலையே கிடையாது. பத்தொன்பது வருடத்திலும் மாறாமல் இருந்தது இடது மூலையில் அவருடைய கட்டைவிரல்.

யாராவது கேட்டால் நெவ் விளக்குவார். “முகத்த எவன் வேணாலும் எடுப்பான். நான் இசைய எடுக்கறேன்.”

இசையைப் பற்றி அதற்கப்புறம் யாரும் விசாரித்ததில்லை.

கேமரா முங்கிய செய்தி ஐந்தே நிமிடத்தில் விழாக் குழுத் தலைவி நோலீன் பாஸ்கோவுக்குப் போய்ச் சேர்ந்தது. நோலீன் விதை, உரக் கடை நடத்துகிறவள்; கனத்த சரீரம். கடையில் தீப்பிடித்தபோதே நடந்து வந்தவள். இன்று ஓடி வந்தாள்.

“செத்துப்போச்சா?”

“செத்துப்போச்சு.”

“வேற ஒண்ணு இருக்கும்ல?”

“கலைஞனுக்கு ஒரே கேமராதான் நோலீன்.” நெவ் பையைக் கவிழ்த்து, உள்ளே இருந்ததையெல்லாம் மேசைமேல் எடுத்து வைத்துத் துடைத்தார். உபரி பாட்டரி, கைக்குட்டை, பாதி தின்ற தேங்காய்த்தூள் கேக், பழைய மவுத் ஆர்கன், போன வருட நிகழ்ச்சி நிரல், கண்ணாடிக் கூடு. எல்லாவற்றிலும் கிரேவி. “விடு. இந்த வருஷம் படம் இல்லேன்னா போகுது. நானும் ஒரு நாற்காலியப் போட்டு எல்லாரையும் போல உக்காந்துக்கறேன். கை ரெண்டும் சும்மா இருந்து எத்தனை வருஷமாச்சு.”

நோலீனின் முகம் மைதா மாவாக வெளுத்தது.

“அப்படியெல்லாம் பேசாத. உனக்கு ஒண்ணு காட்டறேன். காட்டக் கூடாது, இருந்தாலும் காட்டறேன்.”

கால்சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தாள். மெல்பர்னிலிருந்து வரும் பெரிய பாடகி வெர்னா லட்லோவின் ஒப்பந்தம் அது. வெர்னா முதல் விழாவுக்கு வந்தவள். அன்று முன் நிகழ்ச்சி நீண்டுவிட்டதால் ஒரே ஒரு பாட்டோடு இறங்கிப் போனாள். மறுபடி வரவழைக்க நோலீன் பத்தொன்பது வருடம் கடிதம் எழுதினாள். இன்று மாலை மூன்று மணிக்கு அவள் பாடப்போகிறாள். அதற்காகத்தான் அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து எண்ணூறு பேர் வந்திருந்தார்கள்.

முதல் ஆறு நிபந்தனைகள் மின்விசிறி, எலுமிச்சம்பழம், முதுகுக்குத் தலையணை என்று போயின. நோலீன் ஏழாவதன்மேல் விரலை வைத்தாள்.

‘கலைஞர் திடலுக்குள் கால் வைக்கும் நேரம் முதல் வெளியேறும் நேரம் வரை, திரு. நெவில் ஹாக்கெட்டின் கையில் கேமரா இருக்க வேண்டும். இல்லையேல் கலைஞர் மேடை ஏற மாட்டார்.’

நெவ் மூன்று தடவை படித்தார். மூன்றாவது தடவை எழுத்து கலங்கித் தெரிந்தது.

“என் பேரப் போட்டிருக்காங்க.”

“போட்டிருக்காங்க.”

“தப்பில்லாம போட்டிருக்காங்க. என் படம் மெல்பர்ன் வரைக்கும் போயிருக்கு பாரேன்.”

நோலீன் மாக்பை மரத்தைப் பார்த்தபடி, “போகாம இருக்குமா” என்றாள்.

அறுபத்தெட்டு வயதில் முதல்முறையாக, தன்னை ஒருத்தி வேண்டும் என்று எழுத்தில் கேட்டிருக்கிறாளே என்று நெவ் அந்தத் தாளைத் தடவிக் கொடுத்தார். கல்யாணத்தின்போதுகூட க்ளெனிஸ் அப்படி எழுதிக் கொடுக்கவில்லை.

“போன்ல எடுத்தா என்ன?” என்று கேட்டது அந்த க்ளெனிஸ்தான். நெவின் மனைவி, தகவல் கேட்டு வீட்டிலிருந்து வந்திருந்தாள்.

“போன்ல எடுக்கறவன் கலைஞனா?” என்றார் நெவ்.

“போன் வேணாம்,” என்று நோலீனும் அவசரமாகச் சொன்னாள். “அது ஒத்தக் கையில பிடிக்கற சமாச்சாரம். ரெண்டு கையும் வேணும். அதாவது, பாக்கறதுக்குக் கௌரவமா இருக்கணும்.”

கௌரவம் என்ற சொல்லைக் கேட்டதும் நெவ் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

முதல் யோசனை அவருடையதே. ஈரத்தைப் பற்றி அந்த ஊரில் அவரைவிட அறிந்தவர் யார்? நோலீனின் கடையிலிருந்து ஒரு மூட்டைக் கோதுமை வந்தது. ஈரத்தை உறிஞ்ச அதற்கு மிஞ்சி எதுவும் இல்லை என்று சொல்லி, கேமராவை நடு மூட்டையில் புதைத்து, மேலே ஏறி உட்கார்ந்துகொண்டார். ஒரு மணி நேரம் கழித்துத் தோண்டி எடுத்தபோது ஈரம் போயிருந்தது. லென்ஸுக்குள்ளும் பொத்தான்களுக்குள்ளும் கோதுமை போயிருந்தது. ஆட்டினால் கிலுகிலுப்பை சத்தம் வந்தது.

க்ளெனிஸ் வாங்கிப் பார்த்தாள். “கிரேவியும் இருக்கு, கோதுமையும் இருக்கு. அடுப்புல வெச்சா மதியச் சாப்பாடு ஆச்சு.”

“உனக்கு எல்லாம் விளையாட்டு,” என்றார் நெவ்.

நோலீன் விளையாடவில்லை. ஒலிபெருக்கியிலேயே கேட்டாள்: யாரிடமாவது கேமரா இருக்கிறதா, போன் அல்ல, கேமரா. எண்ணூறு பேரில் ஒருவரிடமும் இல்லை. கடைசியில் கால்நடை மருத்துவர் ரெட்ஃபர்ன் கையைத் தூக்கினார். பசுவுக்குப் பிரசவம் சிக்கலானால் உள்ளே விட்டுப் பார்க்கிற கேமரா ஒன்று வண்டியில் இருக்கிறது என்றார்.

அது ரப்பர் போட்ட ஒரு மீட்டர் நீளக் குச்சி. நுனியில் கண்; அடியில் இரண்டு கைப்பிடி. இரண்டு கைப்பிடியைப் பார்த்ததும் நோலீன் ரெட்ஃபர்னின் கன்னத்தில் முத்தமே கொடுத்துவிட்டாள்.

நெவ் அதை முகர்ந்து பார்த்தார். தொழில் புத்தி.

“இத நான் பிடிக்கணும்னா எனக்கும் நிபந்தனை இருக்கு.”

“சொல்லுப்பா.”

“நான் எடுக்கற படம் மேடைப் பக்கத்துப் பெரிய திரையில வரணும். பத்தொன்பது வருஷமா கழிப்பறை நடையிலயே மாட்டறீங்க.”

வேறு எந்த நாளிலும் நோலீன் இதற்குச் சிரித்திருப்பாள். இன்று, “வரும்” என்றாள்.

வந்தது. மேடையில் டப்போ நகரத்திலிருந்து வந்த அண்ணனும் தங்கையும் தங்களை விட்டுப் போன அம்மாவைப் பற்றி மெதுவாக ஒரு பாட்டு பாடிக்கொண்டிருந்தார்கள். நெவ் குச்சியைத் திரைக்கு இணைத்து ஏதோ ஒரு பொத்தானை அழுத்தினார். அந்தக் கேமரா புதிதாகப் படம் எடுப்பதற்கு முன்னால், பழையதைக் காட்டும் வகையைச் சேர்ந்தது. போன செவ்வாய்க்கிழமை நடந்த பிரசவம், பன்னிரண்டு அடி அகலத்தில், முதலிலிருந்து ஓடத் தொடங்கியது. நிறுத்தும் பொத்தான் எது என்று ரெட்ஃபர்னுக்கே தெரியவில்லை; அவருக்கு அதை இடையில் நிறுத்த வேண்டி வந்ததில்லையாம்.

கூட்டம் பாட்டை விட்டுவிட்டுத் திரையைப் பார்த்தது. கன்று முழுசாக வெளியே வந்து, தள்ளாடி எழுந்து நின்றபோது, எண்ணூறு பேரும் கைதட்டினார்கள். மேடையிலிருந்த அண்ணன் தங்கை கண் கலங்கிக் குனிந்து வணங்கினார்கள். ஆட்டிறைச்சி ரொட்டிக் கடையில் மட்டும் அதற்குப் பிறகு ஒரு ரொட்டி விற்கவில்லை.

“இதக் கொண்டு போய் வண்டியில வை ரெட்ஃபர்ன்,” என்றாள் நோலீன். “நெவ், நீ இங்கயே இரு. எங்கயும் போகாத. எதையும் தொடாத.”

அடுத்து வந்தவர் சார்ஜென்ட் டூஹி. ஊருக்கு ஒரே போலீஸ்காரர். வேகமாகப் போகிற வண்டிகளைப் பிடிக்கிற கேமராவைத் தயக்கத்தோடு நீட்டினார்.

“அரசாங்கச் சொத்து நெவ். நெடுஞ்சாலைக்குன்னு கொடுத்தது.”

“கலையும் ஒரு நெடுஞ்சாலைதான்யா,” என்று நெவ் வாங்கிக்கொண்டார். ஏழாவது நிபந்தனையைப் படித்ததிலிருந்து இப்படித்தான் பேசிக்கொண்டிருந்தார்.

கேமரா நன்றாகவே வேலை செய்தது. ஒவ்வொரு படத்தின் அடியிலும் வேகத்தையும் போட்டது. பாடகர் பூஜ்யம். டிரம்ஸ்காரரின் வலக்கை மணிக்குப் பதினெட்டு கிலோமீட்டர். இது ஒரு புது வகைக் கலை என்று நெவுக்குப் புல்லரித்தது. மேடையையும் கூட்டத்தையும் சேர்த்து எடுக்கலாமே என்று மேடை விளிம்பில் ஏறி நின்று, கேமராவைக் கூட்டத்தின் பக்கம் திருப்பினார்.

பின்வரிசையில் இருந்தவர்கள் விவசாயிகள். அந்தக் கருவியை இருநூறு மீட்டர் தூரத்திலிருந்தே அடையாளம் தெரியும் அவர்களுக்கு. வண்டிப் பதிவைப் புதுப்பிக்காதவர்களும், புதுப்பித்தது நினைவில்லாதவர்களும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். நாற்பது வண்டி புழுதியைக் கிளப்பிக்கொண்டு வாசலைத் தாண்டியது. அத்தனை வண்டி ஒன்றாக ஓடும்போது போலீஸ்காரர் பார்த்துக்கொண்டு நிற்க முடியுமா? டூஹி கேமராவைப் பிடுங்கிக்கொண்டு பின்னாலேயே போனார்.

மணி இரண்டானது. வெர்னா வர அரை மணி.

இரண்டு மணி என்றால் விரபில்லா விழாவில் கரும்பலகை நிகழ்ச்சி. மேடைக்குப் பக்கத்தில் ஒரு கரும்பலகை வைத்திருப்பார்கள். பாடவோ வாசிக்கவோ ஆசைப்பட்ட எவரும் சாக்பீஸால் தன் பெயரை எழுதிவிட்டு மேடையேறலாம், ஆளுக்கு இரண்டு பாட்டு. நெவ் இதைப் பார்த்துப் பல வருடம் ஆகியிருந்தது. சரியாக இரண்டு மணிக்குத்தான் திடலின் மறுகோடியில் பெண்கள் சங்கத்தின் கேக் போட்டி நடக்கும். அதைப் படம் எடுக்க அவரைத்தான் கூப்பிடுவார்கள். பத்தொன்பது வருடத்தில் அறுநூற்றுச் சொச்சம் கேக்கை எடுத்திருக்கிறார். கேக்குகளுக்கும் தலை இருக்காது.

இன்று கேமரா இல்லை. ஆகவே கேக்கும் இல்லை. கால்போன போக்கில் கரும்பலகை முன்னால் வந்து நின்றார். பலகையைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள் அவரை ஒரு பார்வை பார்த்தாள், சாக்பீஸ் டப்பாவை எடுத்துத் தன் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

“சாக்பீஸ் தீந்துபோச்சு நெவ்.”

“இருக்கட்டும்மா. சும்மா நிக்கறேன்.”

அதற்குள் நோலீன் மூச்சிரைக்க வந்துவிட்டாள். கையில் கிரேவியும் கோதுமையும் காய்ந்த பழைய கேமரா.

“இங்க என்ன பண்ற? இந்தா, இத மாட்டிக்கோ. ரெண்டு கையாலயும் பிடி. கண்ணுகிட்ட வெச்சுக்கோ. அவ்வளவுதான்.”

“இதுல படம் விழாதே.”

“விழாட்டி என்ன? படம் யாருக்கு வேணும்?” என்றவள் நாக்கைக் கடித்துக்கொண்டு, “அதாவது, இன்னிக்கு ஒரு நாளைக்கு” என்று சேர்த்தாள்.

நெவ் கேமராவை வாங்கவில்லை. முப்பத்து நான்கு வருடத்தில் ஈரக் கோதுமையை உலர்ந்தது என்று ஒரு தடவைகூடக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்காத மனிதர் அவர்.

“அந்தம்மா என் படத்த நம்பி இவ்வளவு தூரம் வராங்க. செத்த கேமராவக் கண்ணுல வெச்சுக்கிட்டு நான் அவங்கள ஏமாத்தணுமா? மாட்டேன் நோலீன். நேராப் போய் உண்மையச் சொல்லிடறேன். பாடறதும் பாடாததும் அவங்க இஷ்டம்.”

“நெவ், தயவு செஞ்சு. ஏமாத்திடுப்பா.”

“கலைஞனுக்குக் கலைஞன் பொய் சொல்லக் கூடாது.”

அவர் முடிவெடுத்துவிட்டார். மேசையிலிருந்த தன் சாமான்களை எடுத்துக்கொண்டார். பை இன்னும் பிசுபிசுத்ததால் கைக்குட்டை, மவுத் ஆர்கன், கண்ணாடிக் கூடு மூன்றையும் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு, அழைத்துப்போக வந்தவர் போல வாசலுக்கு நடந்தார். நோலீன் பின்னாலேயே வந்தாள். க்ளெனிஸும் வந்தாள், அவளுக்கு இதைத் தவறவிட மனமில்லை.

இரண்டரைக்கு வெள்ளை வேன் வந்து நின்றது. கதவு திறந்தது. வெர்னா லட்லோ, எழுபத்தைந்து வயது, கறுப்புச் சட்டை, வெள்ளிப் பூண் போட்ட கைத்தடி. தடியை ஊன்றி வலது காலைத் தரையில் வைத்தாள். நிமிர்ந்தாள். எதிரே நெவ், இரண்டு கைகளையும் விரித்தபடி, வெறுங்கையாக நின்றார்.

வலது கால் வேனுக்குள் திரும்பப் போனது. கதவு சாத்திக்கொண்டது. பூட்டு விழும் சத்தம் வெளியே கேட்டது.

நெவுக்குக் கண்ணில் நீர் கட்டியது. வருத்தம் பாதி, பெருமை பாதி.

“பாத்தியா நோலீன்? பாத்தியா க்ளெனிஸ்? படம் இல்லேன்னா பாடமாட்டேங்கறாங்க.”

“பாத்தேன்,” என்றாள் க்ளெனிஸ்.

அவர் வேன் கண்ணாடிக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தார். “அம்மா, மன்னிக்கணும். என் கேமரா போயிடுச்சு. உங்க கோபம் நியாயந்தான். எந்தக் கலைஞனுக்கும் இப்படி ஒரு ரசிகை கிடைக்கமாட்டாங்க. ஆனா எண்ணூறு பேர் காத்திருக்காங்க, இந்த ஒரு தடவை என் படம் இல்லாம பாடுங்கம்மா.” எண்ணூறில் ஒரு பகுதியை டூஹி துரத்திக்கொண்டிருந்ததை அவர் சொல்லவில்லை.

உள்ளே திரைச்சீலை இழுபட்டது.

கண்ணைத் துடைத்துக்கொள்ள நெவ் சட்டைப் பைக்குள் கையை விட்டுக் கைக்குட்டையை உருவினார். அதோடு சேர்ந்து மவுத் ஆர்கனும் வெளியே வந்து வெயிலில் மின்னியது. வேனுக்குள் யாரோ கத்தினார்கள். எஞ்சின் உறுமியது.

நோலீன் வேனுக்கு முன்னால் போய்க் குறுக்கே நின்றுகொண்டாள். எஞ்சின் ஓடிக்கொண்டேயிருக்க, இளம் ஓட்டுநர் கண்ணாடியைக் கொஞ்சமாக இறக்கினான். நல்ல பையன், பெரியவர் அழுவதைப் பார்த்து அவனுக்கே பாவமாகிவிட்டது.

“தம்பி, அவங்களுக்கு என் படம் அவ்வளவு பிடிக்குமா?” என்று கேட்டார் நெவ்.

“படமா? அவங்க உங்க படம் ஒண்ணுகூடப் பாத்ததில்ல பெரியவரே. மொத வருஷம் ரெண்டே பாட்டுன்னு மேடை ஏறிட்டு, அவங்க நேரத்தையும் சேத்து ஒன்றரை மணி நேரம் வாசிச்சீங்களாமே, ரெண்டு கையிலயும் கேமரா இருந்தா வாயில மவுத் ஆர்கன் இருக்காதுன்னு உங்க ஊர்க்காரங்கதான் அவங்களுக்கு யோசனை சொன்னாங்க.”